தண்ணி கேட்ட பெட்டி

ஆடி மாதம் குப்பத்து எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் கோவிந்தம்மாவுக்குச் சாமி வரும். இருபது வருஷமாக வருகிறது. நாலு வருஷத்துக்கு முன் ஓர் ஆடியில் மட்டும், சாமி மலையேறிய பிறகும் பம்பை நிற்கவில்லை. யாரோ பெரிய மனிதரின் கார் டோல்கேட் நெரிசலில் மாட்டிக்கொண்டதாம். அவர் வந்து பார்க்கும்வரை ஆட்டம் நடக்க வேண்டும் என்பது விழாக் குழுத் தலைவர் மாரியப்பனின் உத்தரவு. ஆத்தா போய்விட்டாள், பம்பை போகவில்லை. பாதியில் நின்றால் இத்தனை நேரம் ஆடியதெல்லாம் நடிப்பு என்பார்கள். மீன் கூடை சுமந்து தேய்ந்த முட்டி இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது.

கோவிந்தம்மா ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தாள். மேடை ஓரத்தில் ஒருவன், தரையைப் பார்த்தபடியே, ஒரு சின்னப் பெட்டியின் மேல் விரலைக் கீழ்ப்பக்கமாக இழுத்தான். ஸ்பீக்கரில் பம்பைச் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி, கடல் இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்து போயிற்று. மைக் செத்துவிட்டது என்று பம்பைக்காரர்களும் நிறுத்தினார்கள். கோவிந்தம்மா அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

"இன்னாடா ஆச்சு?" என்று மாரியப்பன் பாய்ந்தார்.

"ஒயரு லூஸு தலைவரே" என்று அவன் திட்டை வாங்கிக்கொண்டான். கோவிந்தம்மா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் மட்டும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அவன் பெயர் ஜெயவேல். பகலில் எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் பூட்டு முத்திரை சரிபார்க்கும் வேலை. மாலையில் கச்சேரிக் குழுவில் அந்தப் பெட்டி. ரிச்சி தெருவில் பழையதாக வாங்கியது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரக் கண்ணாடி, சுற்றிலும் விளக்கு வைத்த பட்டன்கள். கண்ணாடியை விரலால் தடவினால் பாடுகிறவர் குரல் கிணற்றுக்குள் போகும், மலை மேல் ஏறும், பத்துப் பேராகப் பிரியும். எந்தச் சத்தத்தையும் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தும்போதெல்லாம் திருப்பிச் சொல்லும். கம்பெனி அதற்கு என்ன பேர் வைத்ததோ, குப்பத்தில் அதன் பேர் 'தடவுற பொட்டி'.

ஒரு நாள் கோவிந்தம்மா மீன் கூவும்போது பக்கத்தில் மைக்கை நீட்டினான்.

"யக்கா, ஒருவாட்டி காணாங்கத்த சொல்லு."

"வாங்கப்போறியா?"

"இல்லக்கா."

"வாங்காதவனுக்கு இன்னாத்துக்கு நான் கூவணும்?" என்றாள். என்றாலும் கூவினாள். "காணாங்கத்தே...ய்!" அன்று மாலையே அவள் போயிருந்த ஒரு கல்யாணக் கச்சேரியில் அந்தக் கூவல் தாளத்தில் சேர்ந்து முப்பது தடவை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவ்வளவு பேரும் காணாங்கத்தைக்கு ஆடினார்கள். சாமிக்கு ஆடின காலும், மீன் பேருக்கு ஆடின காலும் ஒன்றுதானே என்று அவளுக்குத் தோன்றியது. தாயே மன்னிச்சுக்கோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

போன வருஷ ஆடியில்தான் பெட்டிக்குக் கண்டம் வந்தது. ஊரெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கூழ் ஊற்றியதால் பம்பைக்காரர்கள் இரண்டே பேர்தான் கிடைத்தார்கள். மாரியப்பனுக்கு அது கௌரவக் குறைச்சல். "பொட்டில புடிச்சு பத்து பம்பையா குடு" என்றார். ஜெயவேல் பிடித்துக் கொடுத்தான். சத்தம் சங்கிலியாகச் சுழன்றது. கோவிந்தம்மாவோடு சேர்த்து ஏழு பெண்களுக்குச் சாமி வந்தது.

அந்த நேரம் பார்த்து, விருந்தாளிக்கு நாற்காலி போடச் சொல்லி ஜெயவேலைக் கீழே இறக்கினார் மாரியப்பன். தனக்குத் தானே ஏற்பாடு செய்திருந்த ரோஜா மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, பாரம் தாங்காமல் கழற்றிப் பெட்டியின் மேலேயே வைத்தார். மாலையின் கனம் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டது. பம்பைக்காரர்கள் நிறுத்தியும் பம்பை நிற்கவில்லை. பூசாரி கற்பூரம் காட்டினார், எலுமிச்சை அறுத்தார், விபூதி அடித்தார். சத்தம் நிற்காமல் ஆட்டம் எப்படி நிற்கும்? ஜெயவேல் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, "மாலைய எடுங்க தலைவரே!" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் கரண்ட் போனது. ஏழு பெண்களும் ஒரே நேரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

மாரியப்பன் மைக் இல்லாமலே முழங்கினார். "பாத்தீங்களாப்பா! ஆத்தா இந்தப் பொட்டிக்குள்ள எறங்கிட்டா!"

அவ்வளவுதான். பெட்டி கருவறை வாசலில் மஞ்சள் துணிமேல் ஏறிற்று. கண்ணாடி நிறையக் குழைத்த குங்குமம், பட்டனுக்குப் பட்டன் மஞ்சள் பொட்டு. விரல் பட வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்தி. 'தானாகத் தோன்றிய ஒலியம்மன்' என்று பேனர் வந்தது. அதில் பெட்டி கட்டைவிரல் அளவு, மாரியப்பன் ஆள் உயரம். ஜெயவேலைப் பார்த்தவர்கள் எல்லாம், "உன் பொட்டி சாமியாயிடுச்சு நைனா, குடுத்து வெச்சவன்" என்று கை கொடுத்தார்கள்.

கை கொடுத்தவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. வெளியூர் எல்லாம் போகிற பெரம்பூர்க் குழு ஒன்று சனிக்கிழமை காலை அவனை வாசித்துக் காட்ட வரச் சொல்லியிருந்தது. பெட்டியோடு வந்தால்தான் இடம். இல்லையென்றால் அடுத்த ஆள் தயாராக இருந்தான். பத்து வருஷமாக ஜெயவேல் காத்திருந்த அழைப்பு அது. திங்கள்கிழமை கேட்டான். "சாமி சொத்த யாருகிட்டப்பா கேக்குற?" என்றார் மாரியப்பன். புதன்கிழமை கேட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கேட்கச் சொன்னார்.

வியாழக்கிழமை சவுண்டு சர்வீஸ் நசீர் மீன் வாங்குகிற சாக்கில் கோவிந்தம்மாவிடம் வந்தான். ஜெயவேலின் தோஸ்து அவன்.

"யக்கா, நாளிக்கு ஆடி வெள்ளி. சாமி வந்தா மாரி ரெண்டு சுத்து சுத்திட்டு, பொட்டிய உட்டுடுங்கடான்னு சொல்லிடேன். மேட்டர் முடிஞ்சுது."

கோவிந்தம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "தபாரு நசீரு. நான் மீனுக்கு ஐஸு வெப்பேன். ஆத்தாளுக்கு ஐஸு வெக்க மாட்டேன். அவ வாயில நான் பேசறதா? நீ பேசுவியா உன் பள்ளிவாசல்ல?"

நசீர் காதைத் தொட்டுக்கொண்டான். மீனை வாங்காமலே போய்விட்டான்.

அவளுக்கு அன்றைக்கு வியாபாரமே ஓடவில்லை. ஜெயவேல் விரல் இழுத்த இழுப்பில்தான் தன் முட்டி பிழைத்தது. பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே. தாயே, நீயே பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் கூட்டம். ஒலியம்மனின் சத்தத்தை எல்லோரும் கேட்க வேண்டும் என்று நசீரை விட்டுப் பெட்டிக்குக் கரண்ட்டும் ஸ்பீக்கரும் கொடுக்கச் சொன்னார் மாரியப்பன். பிறகு பயபக்தியோடு புதுக் குங்குமம் வைத்தார். விரல் ஒரு பட்டனில் பதிந்தது.

பாதாளத்திலிருந்து வருவது போல ஒரு கனத்த குரல். "தண்ணிய ஊத்து... ஊத்து... ஊத்து..."

மாரியப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "ஆத்தா தண்ணி கேக்குறா! கொண்டாங்கம்மா! கொடம் கொடமா கொண்டாங்க!"

பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். ஜெயவேல் குறுக்கே போய் விழப் பார்த்தான், நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "தண்ணி பட்டா செத்துடும்பா! செத்துடும்!" என்றான். "ஆத்தா சாவாளாடா?" என்று அவனுக்கு ஒரு அறை விழுந்தது.

கோவிந்தம்மாவின் காதில் வேறொன்று உறைத்தது. நாலு தெருவுக்குக் கூவி, நாற்பது வீட்டுக் குரலை முகம் பார்க்காமல் அடையாளம் கண்டு மீன் போடுகிறவள் அவள். எத்தனை கிணற்றுக்குள் போட்டாலும் அந்த 'ஊத்து' யாருடையது என்று தெரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமைக் கூழும் நினைவுக்கு வந்தது. கையில் வாங்கினால் விரல் இடுக்கில் ஓடிய கூழ்.

பெட்டியின் முன்னால் போய் நின்றாள். சாமி வரவில்லை. தன் சொந்தத் தொண்டையிலேயே கத்தினாள்.

"கொடத்த எறக்குங்கடி! இது ஆத்தா கொரலு இல்ல. நம்ம தலைவரு கொரலு!"

மாரியப்பன் தரையிலிருந்தே தலையைத் தூக்கினார். மைக்கை விட்டு இறங்காத மனிதருக்குத் தன் குரலே தெரியவில்லை. "இன்னா ஒளர்ற? நான் எப்போ தண்ணி கேட்டேன்?"

"ஜெயவேலு, அந்தக் குங்குமத்த தொடச்சிட்டு மறுபடி போடு நைனா."

பிடித்திருந்தவர்கள் கையைத் தளர்த்தினார்கள். ஜெயவேல் சட்டை முனையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதே பட்டனை அழுத்தினான். குங்குமக் கனம் போனதும் குரல் பாதாளத்திலிருந்து மேடைக்கு ஏறி, முன்னும் பின்னும் வெட்டுப்படாமல் முழுசாக வந்தது. கூழ் நாளன்று பம்பையைப் பிடிக்கும்போது பின்னால் நின்று யாரோ பேசியதும் சேர்ந்து பிடிபட்டிருந்தது. சளி கட்டிய, சந்தேகமே இல்லாத மாரியப்பன் குரல். "கூழு பத்தாதுடா. தண்ணிய ஊத்து. சனத்துக்கு இன்னா தெரியப்போவுது."

ஒரு குடம் கீழே விழுந்தது. "அதான் அன்னிக்கு கூழ குடிச்சதா, கொப்புளிச்சதான்னே தெரில" என்றாள் ஒருத்தி. சிரிப்பு கோபுரம்வரை போயிற்று.

கோவிந்தம்மா சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் போலக் கேட்டாள். "அன்னிக்குப் பூரா பொட்டி பக்கத்துலதான் நின்னுகினு இருந்தீங்க. இன்னும் எத்தினி பட்டன் கீது. ஒண்ணொண்ணா கேக்கலாமா தலைவரே?"

மாரியப்பன் எழுந்தார். முழங்கால் மணலைத் தட்டினார். திடீரென்று உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினார். இருபது வருஷத்தில் அவருக்குச் சாமி வந்தது அதுதான் முதல் தடவை. "டேய்ய்! எம்மனசு நெறஞ்சுடுச்சுடா! பொட்டிய ஜெயவேலுகிட்ட குடுத்து இப்பவே அனுப்புங்கடா! இப்பவே!"

பூசாரி விபூதி போட்டார். சாமி அரை நிமிஷத்தில் மலையேறிவிட்டது.

சனிக்கிழமை ஜெயவேல் பெரம்பூர் போனான். பட்டன் இடுக்கில் மஞ்சளோடுதான் வாசித்தான், இடம் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து அந்தக் குழு மலேசியா கிளம்பியது. போனவன் அங்கேயே ஒரு ஓட்டலில் வாசிக்க நின்றுவிட்டான், இன்னும் வரவில்லை.

கிளம்புகிற அன்று காலை, டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றவன், கூடையோடு வந்த கோவிந்தம்மாவைப் பார்த்ததும் பையை இறக்கி வைத்தான். கூடைக்கு ஒரு கை கொடுத்தான். அவள் நெற்றியில் விபூதி இட்டுவிட்டாள். அவன் பையைத் தட்டிக் காட்டி, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"யக்கா, இதுல மீதி பட்டன்ல எல்லாம் பம்பையும் உன் காணாங்கத்தயும் தவிர வேற ஒண்ணுமே இல்லக்கா. தலைவரு கைல மட்டும் சொல்லிடாத. அடுத்த ஆடிக்காவது கூழு கெட்டியா இருக்கட்டும்."