கீப்பரின் கையுறை

என் கடை மேசையின் கீழ் இழுப்பறையில், பிரிண்டர் மை டப்பாக்களுக்குப் பின்னால், போன மாதம் வரை ஒரு ஜோடி கையுறை இருந்தது. பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் மட்டமான நூல் கையுறை. உள்ளங்கைப் பக்கம் மட்டும் ரப்பர். வலது கையுறையில் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை பெயிண்ட் வழிந்து காய்ந்திருக்கும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பேர் சேர்க்க, பேர் திருத்த, பேர் நீக்க என்று காலையிலிருந்தே ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். கடையைக் கூட்டித் துடைக்க வரும் பெண் இரண்டு முறை அந்தக் கையுறையைக் குப்பையில் போடப் பார்த்தாள். நான் போட்ட கத்தலில் வாசலில் நின்றவர்களே திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாண்ணா, தங்கமா அது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அவளிடம் என்னவென்று சொல்வது?

அது கீப்பருடையது. அவனுக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை மைதானத்தில் யாரும் சொன்னதில்லை. கோட்டையைத் தாண்டிப் போகும் சாலையில் இருந்த அகதிகள் முகாமுக்கு, வன்னியில் சண்டை முற்றிய காலத்தில், அம்மாவோடும் தங்கையோடும் வந்து சேர்ந்தவன். என்னைவிட ஒரு வயது மூத்தவன்; பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்திருந்தான். வந்த மூன்றாம் மாதமே முகாமின் மற்ற ஆண்களைப் போல பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜகிரி மலையடிவாரத்தில் நாங்கள் பந்தாடும்போது, வேலைக் கையுறையோடு வந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பான். எங்கள் பழைய கீப்பர் ஒருநாள் வரவில்லை. "கையுறைதான் இருக்குதே, நிக்கிறியா?" என்று நான் கிண்டலாகக் கேட்டேன். கிண்டல் என்று அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, "ஓம்" என்று உள்ளே வந்து நின்றான். அன்று ஒரு பந்துகூட அவனைத் தாண்டவில்லை.

எப்படிப் பிடிக்கிறான் என்பது எங்களுக்குப் பல வாரங்கள் புரியவில்லை. ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான். "ஷெல் வாற சத்தத்தை வச்சே எங்க விழும் எண்டு சொல்லுவம். பிழையாச் சொன்னா செத்தம். பந்து அதவிட மெதுவாத்தான வருது." அவன் அப்பா ஒருமுறை பிழையாகக் கணித்துவிட்டார். பதுங்குகுழிக்கு நான்கு எட்டு தூரத்தில். அவரைப் புதைத்த அன்றே மூவரும் கிளம்பினார்கள். படகுக்காரன் விடிவதற்கு முன் கடலுக்குள் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு, கரை வந்துவிட்டது என்று சொல்லிப் போய்விட்டானாம். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். குடிக்கத்தான் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் மதியம் ஒரு மீன்பிடிப் படகு வந்து ஏற்றும் வரை அந்த வெயிலில், தங்கையைத் தன் நிழலில் படுக்க வைத்து நின்றுகொண்டே இருந்தானாம். "நான் அசைஞ்சா அவளுக்கு வெயில் பட்டிடும்" என்றான். கோல் கம்பங்களுக்கு நடுவே அவன் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணல்திட்டு ஞாபகம் வரும்.

ஒரு ஆடி மாதம், ஆட்டத்தின் நடுவில் பக்கத்துக் கோயிலில் அதிர்வேட்டு போட்டார்கள். பந்தை விட்டுவிட்டுத் தரையில் குப்புற விழுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பந்து மெதுவாக உருண்டு கோலுக்குள் போனது. எல்லோரும் சிரித்தார்கள். கேப்டனான நான் சிரிக்கவில்லை, கத்தினேன். "வேட்டு சத்தம்டா, இதுக்குப் போயா?" எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்" என்றான். அவன் எதற்கு மன்னிப்புக் கேட்டான் என்று அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. நான் அப்படிப்பட்டவனாகத்தான் இருந்தேன்.

அவனை அணியில் சேர்த்ததற்கு ஊரில் முணுமுணுப்பு இருந்தது. "முகாம் பசங்கள சேத்தா நாளைக்கு போலீசு உங்க வூட்டு கதவத்தான் தட்டும்" என்று என் நைனாவே சொன்னார். ஆனால் அவன் வந்தபின் நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். ஜெயிக்கிறவனிடம் யாரும் ஊர் கேட்பதில்லை. அவன் வழியாக முகாமிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வேலையில்லாத நாட்களில் முகாமின் கம்பி வேலியோரம் சும்மா குந்தியிருந்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். கீப்பர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த மைதானத்தில் மட்டும்தான்.

முகாம்காரர்களுக்கு எங்களுக்கில்லாத ஒரு பயம் உண்டு. அதற்குப் பெயர் செக்கிங். அதிகாரி வந்து பதிவேட்டை விரித்து, வீடு வீடாகப் பேர் கூப்பிடுவார். கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். அம்மா நின்று மகனுக்காகப் பேச முடியாது. நாள் சொல்லியும் வருவார்கள், சொல்லாமலும் வருவார்கள். வெளியூரில் பெயிண்ட் வேலையில் இருந்ததால் கீப்பர் ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தான். மூன்றாவது முறை தவறினால் பேரை அடித்துவிடுவோம் என்று எச்சரித்திருந்தார்கள். பேர் போனால் அவன் முகாமிலும் இல்லை, இந்த நாட்டிலும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

அவலூர்பேட்டை அணியோடு இறுதி ஆட்டம், எங்கள் மைதானத்தில். கணுக்கால் பிசகி நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஆளுக்கொரு கோல். வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து விளையாட்டு ஆசிரியர் ஒருவர், எங்கள் கீப்பரைப் பார்ப்பதற்கென்றே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவார் என்று பேச்சு. ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது கீப்பரின் தங்கை பெரிய சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டு மிதித்துக்கொண்டு வந்தாள். பத்து வயது. மூச்சு வாங்கியது. "செக்கிங் வந்திட்டுது. அம்மா அண்ணாவ உடன வரச் சொன்னவ."

நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். முகாமில் ஆறு வரிசை வீடுகள். எப்போதும் முதல் வரிசையிலிருந்துதான் கூப்பிடுவார்கள். கீப்பரின் வீடு ஆறாவது வரிசையில். அங்கே வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். வெளியூர் வேலையிலிருந்து ஆறாவது வரிசைக்காரர்கள் பஸ் பிடித்து வந்துகூடப் பேர் கொடுத்திருக்கிறார்கள். "நான் சொல்லிக்கிறேன், நீ வூட்டுக்குப் போ" என்று அவளை அனுப்பிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. இரண்டு பெனால்டியைத் தடுத்தான். நாங்கள் ஜெயித்தோம். கல்லூரி ஆசிரியர் எழுந்து வந்து அவன் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஜூன் மாதம் முகாம் சான்றிதழோடு வந்து சேரச் சொன்னார். அதன் பிறகுதான், அவன் காதில், "செக்கிங்காம், ஓடு" என்றேன். "எப்ப வந்தவை?" என்றான். "இப்பதான்" என்றேன். கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினான்.

அன்று அதிகாரி ஆறாவது வரிசையிலிருந்து ஆரம்பித்திருந்தார். என்ன காரணமோ, ஜீப்பை அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தாராம், அவ்வளவுதான். கீப்பர் போய்ச் சேர்ந்தபோது அந்த வரிசை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அதிகாரியின் பின்னாலேயே கடைசி வீடு வரை கெஞ்சிக்கொண்டு போனானாம். அந்த நேரத்தில் கோப்பை என் கையில் இருந்தது. எங்கள் தெரு முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி ஆடினேன்.

பேரை அடித்துவிட்டார்கள். பேர் இல்லாதவனுக்கு முகாம் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவனுக்குக் கல்லூரி இல்லை. மீண்டும் சேர்க்கக் கேட்டு மனு எழுதினோம். நான்தான் எழுதிக்கொடுத்தேன்; என் வாழ்க்கையில் எழுதிய முதல் மனு அது. இன்று அதையே தொழிலாக வைத்துப் பிழைக்கிறேன். நாலு மாதம் அலைந்தான். பிறகு ஒருநாள் மைதானத்துக்கு வந்து கையுறையை என்னிடம் நீட்டினான். கேரளக் கரையிலிருந்து ஒரு படகு கிளம்புவதாகவும், ஆஸ்திரேலியா போவதாகவும் சொன்னான். "அங்க போய் நல்லதா ஒண்டு வாங்குவன். இத நீ வச்சிரு." அந்தப் படகு எங்கேயும் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. அவனுக்காகத்தான், அவன் கல்லூரி இடத்துக்காகத்தான் மறைத்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எனக்குக் கோப்பை வேண்டியிருந்தது.

போன மாதம் அவன் அம்மா கடைக்கு வந்தார். கூடவே தங்கை, இடுப்பில் குழந்தையோடு. முகாமுக்குப் போக எனக்கு ஒருபோதும் கால் எழுந்ததில்லை. அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஏதோ விண்ணப்பம். வீட்டில் எத்தனை பேர் என்று திரையைப் பார்த்தபடியே கேட்டேன். "மூண்டு பேர்" என்றவர், கேட்காமலே தொடர்ந்தார். "மூத்தவன் ஒருத்தன் இருந்தவன். தங்கச்சி ஓடிப்போய்ச் சொல்லியும் பந்துதான் பெரிசெண்டு நிண்டு பேரைத் துலைச்சவன். தானே சொன்னவன், நான்தான் அம்மா வரேல்ல எண்டு."

திரையிலிருந்து நிமிர்ந்தேன். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. நான் இழுப்பறையைத் திறந்து கையுறையை எடுத்து மேசைமேல் வைத்தேன். யாரென்று சொன்னேன். தங்கை வந்ததையும், நான் கணக்குப் போட்டதையும், "இப்பதான்" என்று அவனிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் கேட்டால் கேட்கட்டும் என்று சொன்னேன்.

"எனக்குத் தெரியும்ண்ணா" என்றாள் தங்கை. முகாமிலேயே வளர்ந்தவள், எங்கள் ஊர்ப் பேச்சு. "அன்னைக்கே அண்ணாகிட்ட சொல்லிட்டேன். அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சொன்னா அம்மா போய் உங்ககிட்ட சண்டை போடும், அப்பறம் முகாம் பசங்க யாரையும் டீம்ல சேத்துக்க மாட்டாங்கன்னாரு."

அம்மா கையுறையை எடுத்தார். பச்சை பெயிண்ட் காய்ந்திருந்த இடத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நான் அவனோட நாலு மாசம் கதைக்காமல் இருந்தது? படகுக்கு வெளிக்கிடேக்க, 'போயிட்டு வாறன் அம்மா' எண்டவன். நான் சுவரப் பாத்துக்கொண்டு படுத்துக் கிடந்தன்."

அம்மா கையுறையை மடித்து, விண்ணப்பத் தாள்களோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். இழுப்பறையில் இப்போது மை டப்பாக்கள் மட்டும் இருக்கின்றன. கூட்ட வருகிற பெண், "எங்கண்ணா உன் தங்கம்?" என்று கேட்டாள். உரியவங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க என்றேன்.