பன்னிரண்டு பீங்கான் தட்டுகள்

போன வாரம் பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குப் பாறை உடைத்தார்கள். பிரேசர் டவுனில் இது அன்றாடக் கச்சேரி. என் வீட்டு ஷோகேஸில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. டீ குடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா சட்டென்று எழுந்து, இரண்டு கையாலும் ஷோகேஸைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சிரித்துவிட்டேன். "என்னடி, டம்ளர் எழுந்து ஓடியா போயிடும்?"

"கை தானா போச்சு பானு..."

ஸ்டெல்லா என்னோடு ஒரே பள்ளியில் டீச்சராக இருந்தவள். தங்கவயல்காரி. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் அவள் அப்பாவுக்குச் சொந்தக் கட்டடம். வெள்ளைக்காரர் காலத்தில் அது ஒயின் ஷாப். அப்பா வாங்கிப் பீங்கான் கடை வைத்தார். ஊரின் தங்கச் சுரங்கம் மூடியபிறகு டுடோரியல், அப்புறம் செல்போன் ரிப்பேர்... கடைசியில் பூட்டு. அப்பா போனபிறகு இப்போது விற்கிறார்கள். தம்பி கையெழுத்துப் போட்டாயிற்று. இவள்தான் ஒரு வருடமாக இழுத்தடிக்கிறாள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். சனிக்கிழமை கையெழுத்துப் போட அவளுக்குத் துணைக்குப் போனேன். காலையில் தங்கவயலிலிருந்து வரும் ரயிலில் கால் வைக்க இடமிருக்காது — ஊரே பிழைப்புக்கு இங்கே, நகரத்துக்கு வருகிறது. அங்கே போகிற ரயிலில் நாங்கள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போனோம்.

கடைக்குள் கல் அலமாரிகள். ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலும் விரல் உயரத்துக்கு ஒரு மரச்சட்டம். கட்டடத்தை வாங்க வந்தவர் கேட்டார்: "இன்னா மேடம், முன்னாடி இந்தக் கட்டை?"

"ஏர் பிளாஸ்ட்டுல சாமான் விழாம இருக்க," என்றாள்.

பூமிக்கு அடியில் பாறை வெடித்துச் சரிவதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மேலே கடைத்தெரு ஆடும். கடைக்காரர்கள் ஓடிப்போய் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம்.

மேல் அடுக்கில் மட்டும் பன்னிரண்டு பீங்கான் தட்டுகள், தூசி மூடி. யார் வாடகைக்கு வந்தாலும் அதைத் தொடக்கூடாது — அவள் அப்பா போட்ட கண்டிஷன்.

வந்தவர் வெளியே போனதும் ஸ்டெல்லா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அப்ப நான் எட்டாங்கிளாஸ். நானும் அப்பாவும் இந்த அலமாரியத்தான் புடிச்சிகினு நின்னோம். ஆட்டம் நின்னதும் அப்பா சிரிச்சாரு. 'பாத்தியா, ஒண்ணுகூட ஒடையல'ன்னாரு. எங்கண்ணன் அப்ப சுரங்கத்துக்குள்ள இருந்தான் பானு. மறுநாள்தான் மேல கொண்டாந்தாங்க... அந்தத் தட்டுங்கள அப்பா அப்புறம் விக்கவே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் நானும் சிரித்தேனே.

அந்த அப்பாவைக் குறை சொல்ல யாரால் முடியும்? ஆபத்து வந்தால் கைக்கு எட்டியதைத்தான் பிடிக்கிறோம். நமக்கு வேண்டியதோ எட்டாத ஆழத்தில் இருந்து தொலைக்கிறது.

ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டாள். கட்டடத்தை இடித்துவிட்டு ஷோரூம் வருமாம்.

தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். பன்னிரண்டும் முழுசாக இருந்தன.

ஒன்றுகூட உடையவில்லை. அதற்குத்தான் அழுதாள்.