நான் கேட்டு வாங்கிய இரண்டாவது கிளாஸ்

ஆஸ்திரேலியாவுக்குப் போய் வந்தவன் என்று தெரிந்தால் எல்லோரும் கங்காருவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பார்த்தேன். லாரி அடித்து ரோட்டோரமாகச் செத்துக் கிடந்தது. அதைப் பற்றி எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லுவேன். ஆனால் அங்கே ஒரு மத்தியானம், ஒரு திராட்சைத் தோட்டத்தில், என்ன தின்றேன் என்ன குடித்தேன் என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் பெண்டாட்டிக்கே தெரியாது. இப்போது எழுதுவதுகூட வயதாகிவிட்ட தைரியத்தில்தான்.

முதலில் நான் பண்ணின ஒரு சத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு கிளாஸ் ஒயினுக்கு இந்த ஆள் எதற்கு இப்படி மாய்ந்து போகிறான் என்று தோன்றும். என் தங்கையை மோகனூரில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கரும்பு விவசாயி. மண்வெட்டியைப் பிடித்தால் இரண்டாள் வேலை பார்ப்பார். எண்பதுகளின் தொடக்கத்தில் சாராயக்கடைகளை மறுபடி திறந்தார்களே, அதோடு சேர்ந்து அவருக்கும் சனி பிடித்தது. முதலில் சனிக்கிழமை மட்டும், அப்புறம் வெட்டுக் கூலி கொடுக்கும் நாள், அப்புறம் எல்லா நாளும். ஒருநாள் தங்கை டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அடித்தாரா என்று கேட்டேன். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். மறுநாள் காலையிலேயே மோகனூருக்குப் போய், கரும்புக் காட்டில் ஆட்கள் எதிரிலேயே மாப்பிள்ளையை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். மானம், மரியாதை, பிறந்த குடி, எதையும் விடவில்லை. அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் சொன்னார்: "செரீங்க மச்சான். சத்தியம் பண்றனுங்க. ஆனா ஒண்ணு. நீங்களும் கள்ளுக் குடிக்கறவருதானுங்களே. பனையிலருந்து எறக்குனா மொதச் சொம்பு உங்குளுக்குத்தான வருது. எனக்கு ஒரு நாயம், உங்குளுக்கு ஒரு நாயமுங்களா? நீங்களும் கைய வெய்யுங்க. நீங்க தொடாத வரைக்கும் நானும் தொட மாட்டனுங்க."

நியாயம்தான். ஒப்புக்கொண்டேன். காவிரிக்கரையில் அவர்களுடைய குலசாமி கோயிலில் பூசாரி கல்லின் மேல் கற்பூரத்தை ஏற்றினார். எங்கள் பக்கத்தில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துப் பண்ணுகிற சத்தியத்துக்கு மேல் சத்தியம் கிடையாது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதை மறுத்தவன் உண்டு, கற்பூரத்தை அணைத்ததை மறுத்தவனை நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அணைத்தோம். அவர் கை கீழே, அதன் மேல் என் கை. சுட்டது அவருக்குத்தான், எனக்குச் சூடுகூட உறைக்கவில்லை. அன்று சாயங்காலமே தங்கை பெட்டியை எடுத்துக்கொண்டு மோகனூர் திரும்பினாள்.

மூன்று வருஷம் அந்த மனிதர் தொடவில்லை. கல்யாண வீடுகளில் பந்திக்குப் பின்னால் ஒதுங்குகிற கூட்டத்தோடு போகமாட்டார். பெண்கள் பக்கமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கோலி சோடாவும் கையுமாக உட்கார்ந்திருப்பார். பங்காளிகள் கேலி செய்வார்கள். "மச்சானுக்குப் பயந்தவன்" என்பார்கள். "ஆமாங்க, பயம்தானுங்க" என்று சிரித்துவிடுவார். தங்கைக்கு உடம்பில் சதை பிடித்தது. நானும் தொடவில்லை. எனக்கு அதில் பெரிய கஷ்டமும் இல்லை. ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிட்டவன் என்கிற பெருமை வேறு கள்ளைவிட நன்றாகவே ஏறியிருந்தது.

நாமக்கல்லைச் சுற்றிக் காட்டுக்குக் காடு கோழிப்பண்ணை முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. எனக்கும் இரண்டு ஷெட் இருந்தது. தீவனம் விற்கிற கம்பெனி ஒன்று, வெளிநாட்டுப் பண்ணைகளைப் பார்த்துவரச் சொல்லி எங்களில் ஒன்பது பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. மொழிபெயர்க்க ஒரு கால்நடை டாக்டர் கூட வந்தார். வெளியூர்க்காரர். அவருக்கும் சரி, மற்ற எட்டுப் பேருக்கும் சரி, எங்கள் குடும்பக் கதை எதுவும் தெரியாது. அடிலெய்டு பக்கம் ஐந்து நாள் கோழி, முட்டை, தீவனத்தைத் தானாக இழுத்துப்போகிற சங்கிலி என்று பார்த்தோம். ஆறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பண்ணைக்காரர் ஒருவர் எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு பரோசா பள்ளத்தாக்கு என்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார்.

காய்ந்த பழுப்புக் குன்றுகள், செம்மண், நடுவில் திராட்சை மட்டும் வரிசை வரிசையாகப் பச்சையாக நின்றது. ராசிபுரம் பக்கம் சித்திரையில் போகிற மாதிரி இருந்ததால் எனக்குப் புது ஊர் என்கிற கூச்சமே இல்லாமல் போய்விட்டது. ஒரு கல் கட்டடத்துக்குள் போனோம். உள்ளே ஜில்லென்று, புளித்த பழமும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. சுவரோரமாக ஆள் உயரப் பீப்பாய்கள். தோட்டத்துக்காரியான அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கை எல்லாம் காய்ப்பு, நம் காட்டுக்காரிகளின் கை. நான்கு தலைமுறையாக இதே தொழில் என்றார்.

முதலில் சாப்பாடு வந்தது. கருத்த ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறின வெள்ளரிக்காய், ஆலிவ் என்று ஒரு காய். ஆலிவை வாயில் போட்டதும் பழைய நாரத்தங்காய் ஊறுகாயின் கசப்பும் உப்பும் தெரிந்தது. ஒன்பது நாக்கும் ஒரே நேரத்தில் ஊர் திரும்பிவிட்டது. ஒரு கிண்ணம் ஆலிவை நாங்களே காலி செய்தோம். அப்புறம் புகை போட்ட கறியை மெல்லிசு வட்டங்களாக அறுத்து வைத்தார்கள். பன்றியா மாடா என்று கேட்க டாக்டர் வாயெடுத்தார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் தட்டைத் தள்ளிவைக்க வேண்டிவரும். அவ்வளவு ருசியான கறியைத் தள்ள எனக்கு மனசில்லை.

பிறகு ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்து, அடியில் இரண்டு விரற்கடை அளவுக்கு ஒயினை ஊற்றினார் அந்த அம்மாள். எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொன்னதை டாக்டர் தமிழில் சொன்னார்: சுழற்ற வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்க உருட்ட வேண்டும். "முழுங்கணும்னு இல்லீங்க. அதோ அந்த வாளியில துப்பிடலாம்" என்றார்.

துப்பலாம் என்று கேட்டதும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. நான் சத்தியம் பண்ணியது குடிக்க மாட்டேன் என்றுதானே? வாயில் வைத்துத் துப்பினால் அது குடிப்பதாகுமா? விரதத்தன்று வாய் கொப்பளித்தால் விரதம் முறிந்துவிடுமா என்ன? கோர்ட்டில் வக்கீல்கூட இப்படி வாதாடியிருக்க மாட்டான். இதுவும் போதாதென்று, கடல் தாண்டி இவ்வளவு தூரம் வருவதற்குக் குலசாமிக்கு ஏது பாஸ்போர்ட் என்று ஒரு கேலி வேறு மனசுக்குள். கிளாஸை எடுத்தேன்.

முதலாவது வெள்ளை ஒயின். எலுமிச்சம்பழப் புளிப்பு. துப்ப வேண்டும். ஆனால் ஊற்றிக் கொடுத்த பெண்மணி முகத்துக்கு நேரே எப்படித் துப்புவது? எங்கள் ஊரில் விருந்துக்குப் போன இடத்தில் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் முழுங்கிவிட்டு "நல்லாருக்குதுங்க" என்று சொல்லித்தான் பழக்கம். வாயைக் கையால் மறைத்து, பக்கவாட்டில் திரும்பித் துப்பினேன். பாதி வாளியில், பாதி என் புது சஃபாரி கோட்டில். அந்த அம்மாள் சிரிக்காமல் ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார். சிரித்திருந்தால் தேவலை.

இரண்டாவது சிவப்பு. நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு இறுகியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முழுங்கிவிட்டேன். மரியாதைக்காகத்தான் முழுங்கினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாளியை அங்கே வைத்ததே அந்த அம்மாள்தான் என்பது எனக்குத் தெரியாதா?

மூன்றாவதாக ஒரு சின்னப் பீப்பாயிலிருந்து எடுத்துவந்தார். அவர் அப்பா காலத்துச் சரக்காம். கரும்புப் பாகு நிறம். வாயில் வைத்ததும் காய்ந்த திராட்சை, லேசாகத் தீய்ந்த வெல்லம், அதற்கும் அடியில் மெதுவாக ஏறுகிற ஒரு சூடு. என் ஆயுசில் அப்படி ஒன்றை நாக்கு கண்டதில்லை. துப்புவதா? யோசிக்கக்கூட இல்லை. முழுங்கிவிட்டு, காலிக் கிளாஸை நானே முன்னால் தள்ளி, "ஒன் மோர்" என்றேன். அந்தப் பயணத்தில் டாக்டர் உதவியில்லாமல் நான் பேசிய இங்கிலீஷ் அது ஒன்றுதான். அந்தச் சரக்கில் முதல் கிளாஸுக்கு ஏதாவது சாக்குச் சொல்லலாம். இரண்டாவது கிளாஸ் நான் கேட்டு வாங்கியது.

உடனே மனசு உறுத்தியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உறுத்தவில்லை. திரும்பி வரும்போது வேனில் பாட்டுப் பாடினேன். மெட்ராஸில் இறங்கி, ஊர் பஸ்ஸில் உட்கார்ந்து, கைப்பையில் தங்கைக்கு வாங்கிய கம்பளிச் சால்வையைப் பார்த்தபோதுதான் கற்பூரம் ஞாபகத்துக்கு வந்தது. மோகனூர் வெயிலுக்குக் கம்பளி வாங்கின மடையனும் நான்தான்.

சால்வையைக் கொடுக்கப் போன அன்றைக்கு மாப்பிள்ளை ஒவ்வொன்றாகக் கேட்டார். கோழி என்ன எடை, முட்டை என்ன நிறம் என்று வந்துகொண்டே இருந்தவர், "அங்கெல்லாம் குடி சாஸ்திங்களாமா மச்சான்? உங்குளுக்குக் குடுக்கலீங்களா?" என்றார்.

"குடுத்தாங்க மாப்ளே. நாந் தொடுவனா?"

அவர் முகம் மலர்ந்துபோனது. உள்ளே திரும்பித் தங்கையிடம், "கேட்டியா, உங்கண்ணஞ் சொன்னத?" என்றார். அவள் எனக்கு இன்னொரு தோசை வைத்தாள். அதையும் தின்றேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் மாப்பிள்ளை மொபெட்டில் என் பண்ணைக்கு வந்தார். ஷெட் கதவருகிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஜேடர்பாளையத்தில் சொந்தக்காரர் கிடாவெட்டுக்குப் போன இடத்தில் ஒரு டம்ளர் கள்ளுக் குடித்துவிட்டதாகச் சொன்னார்.

"ஆரும் பாக்கலீங்க. இருந்தாலும் நானே சொல்லோணுமுன்னு வந்தனுங்க. உங்க தங்கச்சிகிட்டச் சொன்னேன், அழுதா. மொதல்ல அண்ணங்கிட்டப் போயிச் சொல்லுங்கன்னா." கதவுத் தாழ்ப்பாளை இழுத்து இழுத்து விட்டார். "அத்தன தூரம் போயி, அத்தன பேரு குடுத்தும் நீங்க தொடலீங்க மச்சான். நானு இங்கிருக்கற ஜேடர்பாளையத்துல ஒரு டம்ளருக்குப் போயிட்டனுங்க."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். "மாப்ளே, உங்குளுக்கு முந்தியே நானும்" என்று நான்கே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சத்தியமே இல்லையென்று ஆகும், இவர் மறுபடி கடைக்குப் போவார், தங்கை மறுபடி பெட்டியோடு வருவாள் என்று ஒரு காரணம் உடனே கிடைத்தது. நல்ல காரணம்தான். ஆனால் அது இரண்டாவதாக வந்த காரணம். மூன்று வருஷமாக அவர் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே நான் செய்தது என்ன தெரியுமா? அவரைத் திட்டினேன். "மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதுங்களா உங்குளுக்கு?" என்று கேட்டேன். கேட்டவன் நான்.

பூசாரி பரிகாரம் சொன்னார்: காவிரியில் தலை முழுகி, ஈர வேட்டியோடு கோயிலைச் சுற்றி ஒரு உருளுதண்டம். ஈரத்தோடு தரையில் உருண்டே பிரகாரத்தை வலம்வருவது அது. அந்த வெள்ளிக்கிழமை மூவரும் போனோம். மாப்பிள்ளை சட்டையையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஆற்றில் முழுகி வந்து, கைகளைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு படுத்தார். சரளைக் கல் பாவிய தரை. தங்கை பக்கத்திலேயே நடந்தாள், உருளுகிறவரின் வேட்டி விலகாமல் பார்த்துக்கொண்டாள். ஒரு சுற்று முடிந்து எழுந்தபோது அவர் முதுகெல்லாம் கல் பதிந்து சிவந்திருந்தது. நான் துண்டை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. மறுபடியும் படுக்கப் போனார்.

"ஒண்ணு போதுமுங்க" என்றார் பூசாரி.

"இது எனக்கில்லீங்க, மச்சானுக்கு. அவரு கையும் அந்தக் கற்பூரத்துல இருந்துச்சுங்களே. என்னால அவரு சத்தியமும் கெட்டுப் போச்சு. ஒரு தப்பும் பண்ணாத மனுசன். இந்தச் சுத்து அவருக்குங்க."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பூசாரியும் பார்த்தார், நான் ஏதாவது சொல்லுவேன் என்று.

"பாத்து உருளுங்க மாப்ளே, கல்லுக் குத்தும்" என்றேன். அவர் எனக்காக உருண்டு முடிக்கிற வரையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.