காளான் அறையின் கதவு

திருக்கழுக்குன்றம் பக்கம் நான் காளான் அறை போட்டபோது வேலைக்கு வந்த அக்கா அவர். ஒல்லியான உடம்பு, தலையில் எப்போதும் ஓர் ஈரத்துண்டு. அறைக்குள் நுழைந்தால் சுவரிலிருக்கும் வெப்பமானியைப் பார்க்கமாட்டார். காளான் வளரத் தொங்கவிட்ட வைக்கோல் பைகளைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போவார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒரு புரட்டாசி மதியம் ஏசி நின்றுவிட்டது. நான் ஓடி வந்தபோது கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. அக்கா தரையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இருக்குற குளிரையும் வெளிய விட்டுட்டீங்களே!” என்று கத்தினேன்.

“இன்னா குளிரு கீது தம்பி? பையே சூடு கக்கிகினு கீது. மூடுனா உள்ளயே வெந்துபூடும்.”

“நான் இதப் படிச்சிட்டுதான்க்கா வந்திருக்கேன்” என்று எல்லாவற்றையும் இழுத்து மூடினேன். மெக்கானிக் வந்து சேர மாலையாகிவிட்டது. கதவைத் திறந்ததும் புளித்த வாடை. அத்தனை பைகளும் மஞ்சளாகி நீர்விட்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து, சரக்கு வாங்கும் மாமல்லபுரம் ஓட்டல்காரர் போன் செய்தார்.

“வேலைக்கு வர்ற அம்மா கதவத் திறந்து போட்டுட்டாங்க சார். எல்லாம் போச்சு” என்றேன், வாய் கூசாமல்.

திரும்பினால், கெட்டுப்போன பைகளைக் கூடையில் அள்ளியபடி அக்கா பின்னாலேயே இருந்தார்.

“நாளைக்கு நான் வரட்டா, வேணாவா?” என்று மட்டும் கேட்டார்.

“வாங்கக்கா” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். அவரும் அதற்காகச் சற்று நேரம் நின்றார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.