தந்தியின் எழுத்து மாறியபோது

குழுவில் அவளுக்கு வடிகட்டி என்று பெயர். வேலை, பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது. நோயாளிகள் இல்லாத இடைவெளிகளில், பழைய கணினிகளை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களின் இணைய விவாதக் குழுவைக் கவனித்துக்கொள்வாள். யார் எது எழுதினாலும் அவள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். லேசில் யாரையும் நம்பமாட்டாள். பால்காரரிடம் மாட்டின் பூர்வீகத்தைக் கேட்பவள் என்று கணவர் கேலி செய்வார்.

இந்த வேலையில் அவளுக்கு ஒரே கூட்டாளி, வேறு ஊரிலிருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர். நேரில் பார்த்ததில்லை. நாலு சொல்லுக்கு மேல் எழுதமாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் தந்தி. "குப்பை. விடாதே." அவ்வளவுதான் அவர் கடிதம்.

சில நாள் சத்தமில்லாமல் இருந்த தந்தி திடீரென்று, "தயவுசெய்து இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று எழுதினார். அவளுக்குச் சுருக்கென்றது. தந்தி எப்போது 'நீங்கள்' போட்டார்? அடுத்து வந்தது அதைவிட மோசம். சர்வரின் முதன்மைக் கடவுச்சொல் தனக்கும் வேண்டுமாம்.

அது கிடைத்தால் குழுவையே அழித்துவிடலாம். உறுப்பினர்கள் இறக்கிக்கொள்ளும் நிரல்களில் விஷம் வைக்கலாம். தந்தியின் பெயரில் வேறு யாரோ எழுதுகிறார்களா என்று சோதிக்க, நம் முதல் சண்டை எதைப் பற்றி என்று கேட்டாள். சரியான பதில் வந்தது. பழைய பதிவுகளைப் புரட்டினால் எவனும் சொல்லிவிடுவான். போன் செய்தாள், எடுக்கவில்லை. "பேச முடியாது, எழுதுங்கள்" என்று செய்தி மட்டும் வந்தது. உடனே தந்தியின் கணக்கைப் பூட்டினாள்.

ஒற்றை ஆளாக அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பதிவுகள் தேங்கின. தந்தியை ஓரங்கட்டிவிட்டுக் குழுவைச் சுருட்டப் பார்க்கிறாள் என்று முணுமுணுப்பு எழுந்தது. 'வேலியே பயிரை மேய்கிறது' என்று ஒருவர் எழுதினார். அந்தப் பதிவும் அவளிடம்தான் அனுமதிக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அனுமதித்தாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடேன்" என்றார் கணவர்.

"பேயே இருந்துட்டா?"

"அப்ப நானும் வரேன்."

முன்பு தந்தி அனுப்பிய பார்சல் ஒன்றில் முகவரி இருந்தது. விடுமுறை நாளில் பேருந்து பிடித்துப் போனார்கள். கதவு, சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தது. நடுவயதுப் பெண் ஒருத்தி இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். அவருடைய தங்கையாம். அண்ணன் யாரையும் பார்ப்பதில்லை என்றாள்.

"வடிகட்டி வந்திருக்கேன்னு சொல்லுங்க."

உள்ளேயிருந்து தொண்டை அடைத்தாற்போல ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சங்கிலி விலகியது.

ஜன்னலோர நாற்காலியில் அவர் இருந்தார். வலக்கை மடியில் துவண்டு கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. எழுத்து அட்டையில் இடக்கை விரலால் அவர் தொட்டுக் காட்டுவதைத் தங்கை தட்டச்சு செய்கிறாள். வெளியே தெரிய வேண்டாமென்பது அவர் பிடிவாதம்.

"அண்ணன் சொல்றது நாலே வார்த்தை. அப்படியே மொட்டையா அனுப்ப எனக்குக் கூச்சமா இருந்துச்சு. மரியாதையெல்லாம் நான் சேர்த்ததுதான்" என்றாள் தங்கை.

அப்போதும் வடிகட்டிக்கு மனம் அடங்கவில்லை. இவள் தன் எண்ணத்தை அண்ணன் பெயரில் எழுதினால்? தங்கையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அட்டையைத் தானே பிடித்துக்கொண்டு, கடவுச்சொல் எதற்கு என்று கேட்டாள். விரல் மெல்ல நகர்ந்தது.

உனக்கும் இப்படி வந்தால்?

அந்தக் கடவுச்சொல் கணவருக்குக்கூடத் தெரியாது. அவள் சாய்ந்தால் குழுவும் சாயும். கண் கலங்கியதை மறைக்கத் தண்ணீர் கேட்டாள்.

அங்கேயே அவர் கணக்கின் பூட்டைத் திறந்துவிட்டாள். கடவுச்சொல்லை மட்டும் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அவருக்கும் மறு பாதியைக் குழுவின் மூத்த உறுப்பினரான லேத் பட்டறைக்காரருக்கும் கொடுப்பதாகச் சொன்னாள். இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் திறக்கும்.

தங்கைக்கு முகம் சுருங்கியது. "இன்னும் எங்க மேல சந்தேகமா?"

"என் மேலயும்தான்."

தந்தியின் சம்மதத்தோடு நடந்ததைக் குழுவில் எழுதினாள். திட்டியவர்களில் சிலர் வருந்தினார்கள். தேங்கிய பதிவுகளை அவளும் தந்தியும் தங்கையும் மூவருமாக நகர்த்தினார்கள். அவற்றில் ஒன்று பார்வைக்கு நிரல் திருத்தம் போலவே இருந்தது, உள்ளே வைரஸ். முதலில் பிடித்தது தங்கைதான். வடிகட்டி அதை இரண்டு முறை சோதித்துப் பார்த்துவிட்டு, பிடித்தது சரிதான் என்று ஒப்புக்கொண்டாள்.