மூன்றாம் ஓலை

போன வாரம் என் வீட்டு வாசலில் ஒரு ஆர்மோனியம் வந்து இறங்கியது. எங்கள் பழைய கோயிலிலிருந்து அனுப்பியிருந்தார்கள். காஞ்சிபுரத்தில் கோயில் என்றால் நீங்கள் கோபுரத்தை நினைத்துக்கொள்வீர்கள். நாங்கள் எங்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். இப்போது அங்கே கீபோர்டும் டிரம்ஸும் வந்துவிட்டனவாம், இந்தப் பெட்டி இடத்தை அடைக்கிறதாம். "நீங்க வாசிச்சதுதானே டீச்சர், ஞாபகமா வெச்சிக்கோங்க" என்று கூட வந்த அம்மாள் சிரித்தபடி சொன்னாள். காபி கொடுத்து அனுப்பிவிட்டு மூடியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை, எலிப் புழுக்கை, அதற்கும் அடியில் பழைய தேக்கின் வாசனை. துருத்தியை ஒரு தரம் அழுத்தினேன். என்னைப் போலவே அதற்கும் மூச்சு வாங்கியது.

ஞாபகமாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஐம்பது வருடத்துக்கு மேலாக மறக்கத்தான் பார்க்கிறேன், முடிந்தால்தானே.

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, பெண்கள் பள்ளி ஒன்றில் சின்ன டீச்சராக வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தேன். வந்த அன்றே ஒரு கூத்து. எங்கள் பாதிரியாரை நாங்கள் ஐயர் என்று கூப்பிடுவது வழக்கம். ரயிலடியில் இறங்கி ரிக்‌ஷாக்காரரிடம் "ஐயர் வீட்டுக்குப் போப்பா" என்றேன். அவர் பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு தெருவில் கொண்டுபோய் நிறுத்தி, "எந்த ஐயரு வூடும்மா?" என்று கேட்டார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, கழுத்தில் சிலுவை. அந்தத் தெருவே என்னை எட்டிப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தவள் கிருபை. கிருபாவதி என்பது முழுப்பெயர். பள்ளி விடுதியில் நானும் அவளும் ஒரே அறை. என்னைவிட இரண்டு வயது சின்னவள், அக்கா என்பாள்.

எங்கள் பள்ளியில் விளையாட்டுக்காகப் பிள்ளைகளை மூன்று அணியாகப் பிரித்திருந்தார்கள். விசுவாசம் வெள்ளை, நம்பிக்கை பச்சை, அன்பு சிவப்பு. அன்பு அணிக்கு நான் பொறுப்பு, நம்பிக்கை அணிக்குக் கிருபை. கயிறு இழுக்கும் போட்டியில் அன்பு ஒரு வருடம்கூட ஜெயித்ததில்லை. "அக்கா, உங்க அன்பு சோறே சாப்பிடறதில்லையா?" என்று கேட்பாள். எனக்கு நிஜமாகவே கோபம் வரும். இருபத்துமூன்று வயதில் எனக்கிருந்த பெரிய கவலை அது, பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பாட்டுப் பயிற்சி. ஆர்மோனியம் நான். பாடுகிறவர்களில் கிருபை ஒருத்தி, சாமுவேல் ஒருவர். சாமுவேல் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். வீட்டில் அப்பாவுக்கு இரண்டு தறி. அவர்கள் இருவருடைய காதலும் என் கண்ணெதிரேதான் நடந்தது. நான் சுருதி சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமுவேலின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், கோயிலில் முதல் பெஞ்சு. கிருபையின் குடும்பமும் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் தென்னேரிப் பக்கத்துச் சேரி. பண்டிகைக்கு அவளுடைய அப்பா அம்மா வந்தால் கடைசியில் விரித்திருக்கும் பாயில்தான் உட்காருவார்கள். உட்காரச் சொன்னது யார் என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை என்பார்கள். ஜாதி என்ற வார்த்தையை எங்கள் கோயிலுக்குள் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. "நம்மவங்க" என்பார்கள், அவ்வளவுதான். நானும் நம்மவங்களில் ஒருத்தி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ மேலே நின்று பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

ஓலை என்றால் என்னவென்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஐயர் அதை அறிவிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம், இது முதலாம் ஓலை என்பார். அடுத்த வாரம் இரண்டாம் ஓலை. அதற்கடுத்த வாரம் மூன்றாம் ஓலை. மூன்றும் படித்தால்தான் கல்யாணம். இதில் எங்கள் சபைக்கென்று ஒரு வழக்கம் உண்டு: மூன்று ஓலையும் படித்து முடியும்வரை மணப்பெண் கோயிலுக்கு வரமாட்டாள். தன் பெயர் படிக்கப்படும்போது பெண் அங்கே உட்கார்ந்திருப்பது கூச்சமாம்.

சாமுவேல் தானே போய் ஐயரிடம் பெயர் கொடுத்தார். அம்மா அழுதாலும் அப்பா சரி என்றுவிட்டார். முதலாம் ஓலை படித்தாயிற்று. இரண்டாம் ஓலையும் படித்தாயிற்று. கிருபை விடுதி அறையிலேயே இருந்தாள். நான் வந்து சொன்னதும் முகத்தை மூடிக்கொண்டாள். சாமுவேலின் வீட்டுத் தறியில் கல்யாணப் புடவை ஏறியது. போய்ப் பார்த்து வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினாள். சந்தன வெள்ளை உடம்பு, அரக்குச் சிவப்புக் கரை. இரண்டு நிறத்தையும் இழைக்கு இழை கோத்து நெய்துகொண்டிருந்தார் சாமுவேலின் அப்பா. "டீச்சரு, கிழிச்சாலும் இந்த எடத்துல கிழியாது" என்று சேர்ந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். நல்ல மனிதர். ஆனால் மைத்துனர் எதிரில் அவருக்கு வாய் வராது.

அந்த மைத்துனர், அதாவது சாமுவேலின் தாய்மாமன், எங்கள் சபைச் செயலாளர். முதல் இரண்டு ஞாயிறும் வியாபாரமாக பெங்களூரில் இருந்தார். மூன்றாவது வாரம் வந்து சேர்ந்தார்.

மூன்றாம் ஞாயிறு ஓலை படிக்கப்படவில்லை. நான் திரும்பி வந்தபோது கிருபை தலைக்குக் குளித்து, எனக்காகக் கேசரி கிண்டி வைத்திருந்தாள். "படிச்சாங்களா அக்கா?" என்றாள். ஐயருக்குத் தொண்டை சரியில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டதை நான் அப்படியே சொன்னேன். தொண்டை சரியில்லாதவர் அன்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்ததை மட்டும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வரவேண்டும் என்றார்கள். அதற்கடுத்த வாரம் கடிதம் வந்ததா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். எழுந்து நின்று தடை சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டுமே. அதனால் படிக்காமலே விட்டுவிட்டார்கள். அவளோ படிக்கும்வரை கோயிலுக்கு வரக்கூடாது என்று அறையிலேயே கிடக்கிறாள். எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

"ரிஜிஸ்டர் ஆபீசுல பண்ணிக்கோயேன் கிருபை" என்று ஒருநாள் சொன்னேன்.

"இன்னாத்துக்கு அக்கா? நான் இன்னா திருட்டுத்தனமா பண்ணிக்கினேன்? புடவை தறியில இருக்குது. பாதிக்கு மேல வந்துட்சாம். படிப்பாங்க."

"சாமுவேல் என்னதான் சொல்றாரு?"

"கொஞ்சம் பொறுத்துக்கோன்றாரு. பாவம், அவரும் தெனம் வூட்ல சண்டை போட்டுக்கினு இருக்காரு. நம்ம ஜனங்க கெட்டவங்க இல்ல அக்கா. எனக்கு ஜுரம் வந்தப்ப அவுரு அம்மாதான் கஞ்சி வெச்சி அனுப்பினாங்க, மறந்துட்டீங்களா?"

அவள் அந்த மாதிரி. கஞ்சி கொடுத்தவள் பெண்ணைக் கொள்ளவும் மனம் வைப்பாள் என்று நம்பினாள். எனக்கு அவள்மேல்கூடக் கோபம் வந்தது. இப்படியும் ஒருத்தி நம்புவாளா என்று.

ஏழாவது ஞாயிறு அவள் கோயிலுக்கு வந்தாள். வெள்ளைப் புடவை, இழுத்துப் பின்னிய ஒற்றைச் சடை. கடைசி வரிசையைத் தாண்டி நேராக வந்து பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். சாமுவேலின் அம்மா நகர்ந்து இடம் விட்டார். இடம் விட்டாரா, ஒதுங்கினாரா, எனக்குத் தெரியாது. அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? அன்பைப் பற்றி. அன்பு பொறுமையுள்ளதாம், அன்பு எல்லாவற்றையும் தாங்குமாம். தாங்க வேண்டியவள் யார் என்பதை மட்டும் ஐயர் சொல்லவில்லை.

அறிவிப்புகள் முடிந்தன. ஐயர் புத்தகத்தை மூடினார். கிருபை எழுந்தாள். பீடத்தைப் பார்த்து நின்றபடி, கையிலிருந்த தாளைப் பிரித்து, ஐயர் படிக்கிற அதே தோரணையில் படித்தாள். சாமுவேலுக்கும் கிருபாவதிக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம், இது மூன்றாம் ஓலை. குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. படித்துவிட்டுப் பதிலுக்காக நின்றாள்.

என் ஆர்மோனியம் பக்கவாட்டில் இருந்தது. சபை முழுக்க எனக்குத் தெரியும். யாரும் அசையவில்லை. வெளியே எங்கோ உற்சவ மேளம் கேட்டது. செயலாளர் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சாமுவேல் முன்பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். உடம்பு எழுந்தது. முழங்கால் இன்னும் நிமிரவில்லை, ஆனால் ஆள் பெஞ்சில் இல்லை.

அப்போதுதான் ஐயர் என் பக்கம் குனிந்து, "பாட்டை எடும்மா" என்றார்.

எடுத்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஐயர் எடு என்றால் எடுத்துப் பழகிய கை. எங்கள் கோயிலில் பாட்டின் முதல் சுரம் கேட்டால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அன்றும் நின்றார்கள். கிருபை திரும்பிப் பார்த்தபோது சபை முழுக்க நின்றுகொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சாமுவேலும் நின்றார். எதற்காக எழுந்தாரோ அதை விட்டுவிட்டு அவரும் பாடினார். நல்ல குரல். இரண்டாவது சரணம்வரை நின்றுவிட்டுக் கிருபை நடுவழியாக வெளியே போனாள்.

மத்தியானம் அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. சேலைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு அங்கேருந்து தெரிஞ்சிருக்கும். அவரு பாட்டுக்கு முன்னாடியே எழுந்தாரா, இல்ல பாட்டுக்குத்தான் எழுந்தாரா?"

முன்னாடியே என்று சொன்னால், நடுவில் பாட்டைப் போட்டு அமுக்கியது யார் என்று அடுத்த கேள்வி வரும். அவள் கேட்காவிட்டாலும் வரும். "பாட்டுக்குத்தான்னு நெனைக்கிறேன்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். வாலாஜாபாத் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அதற்குமேல் அவள் எதற்கும் காத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆர்மோனியத்தை மூடிவிட்டு வீராங்கனை மாதிரி வெளியேறினேன் என்று எழுத ஆசைதான். இல்லை, வாசித்தேன். அடுத்த வருடம் சாமுவேலுக்கு வேலூரில் பெண் பார்த்தார்கள். மூன்று ஓலையும் அடுத்தடுத்த மூன்று ஞாயிறில் தடங்கல் இல்லாமல் படித்தார்கள். கல்யாணத்துக்கும் நான்தான் வாசித்தேன். மணப்பெண் சந்தன வெள்ளையில் அரக்குக் கரை போட்ட புடவை கட்டியிருந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இடையில் ஒருநாள் ஆர்மோனியத்தைப் பழுது பார்க்க ஒரு பாய் வந்தார். ஊரில் நாதஸ்வரக்காரர் முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாருடைய பெட்டியையும் அவர்தான் பார்ப்பார். சுரக்கட்டையைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "டீச்சரம்மா, உங்க கோயில்ல ஒரு பொண்ணு பேச எழுந்திச்சாம், பாட்டு போட்டு அமுக்கிட்டாங்களாமே. நெசமா?" பட்டறை வரைக்கும் போயிருக்கிறது செய்தி. "யார் சொன்னது?" என்று அதட்டினேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

கிருபை திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவாள். அடியில் "நம்பிக்கை அணி இந்த வருஷமும் ஜெயிச்சுது அக்கா" என்று எழுதியிருப்பாள். என்மேல் அவளுக்குத் துளி வருத்தம் இருந்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு டிசம்பரும் உண்மையை எழுத உட்காருவேன், "நானும் நலம்" என்று எழுதி முடிப்பேன். பிறகு ஒரு டிசம்பரில் அட்டை வரவில்லை.

இப்போது அந்தக் கோயிலில் ஓலையை யாரும் வாசிப்பதில்லை. திரையில் இரண்டு போட்டோவோடு வந்து போகிறது. மணப்பெண் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைப் படம் பிடித்துக்கொள்கிறாள், நல்லதுதான். பாயை எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஆனாலும் யார் எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள் என்று நான் இன்னும் எண்ணிப் பார்க்கிறேன். அந்த ஐயர் இல்லை, செயலாளர் இல்லை, சாமுவேலும் போன வருடம் போய்விட்டார். பாட்டுக்கு எழுந்து நிற்கும் வழக்கம்கூடப் போய்விட்டது. இஷ்டப்பட்டவர்கள் நிற்கிறார்கள், மற்றவர்கள் உட்கார்ந்தே கை தட்டுகிறார்கள். அன்றைக்கே அப்படி இருந்திருந்தால் நின்ற ஒருவர் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் கேட்க வேண்டி இருந்திருக்காது.

பாட்டுக்கு முன்னாடியே எழுந்தாரு கிருபை. நான் பார்த்தேன்.