மலைப்படி ஏறுவீர்களா?

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்தும் பிழைகளும் உங்களைச் சிரமப்படுத்தும், மன்னித்துவிடுங்கள். வாயால் சொல்ல வராததை எழுதியாவது கொடு என்று மகள் கேட்டதால் எழுதுகிறேன்.

மகள் சென்னையில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வெவ்வேறு படிப்புப் பிள்ளைகளை ஒரே குழுவாகச் சேர்த்து, ஊரில் ஏதாவது ஒரு பிரச்சினையை ஆராய்ந்து வரச் சொல்லியிருந்தார்கள். திருத்தணியிலேயே அரசு ஆஸ்பத்திரி இருந்தும், கரும்பு வேலைக்காரர்கள் உடம்பு முடியாதபோது ஏன் அங்கே போவதில்லை என்பது இவர்கள் எடுத்த கேள்வி. "எங்க நைனா பேசுவாரு" என்று மகள் சொல்லிவிட்டாள்.

நான் ஆலை லாரிகளில் கரும்பு ஏற்றுகிறவன். கரும்புக் கட்டைத் தலையில் வைத்து, சாய்த்த பலகையில் ஏற வேண்டும். ஒரு வருடமாக வலது முட்டி மடங்குவதில்லை. மகளுக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று நிற்பாள். அவள் படிப்பு முடியும்வரை ஓட்டிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வந்த அன்று லோடு ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் சொக்கியது. சொந்தக்காரர்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவர்கள் விதியாம்; மகள் வாசலுக்கு வெளியே இருந்தாள். என் மனைவி டீ கொண்டுவந்தாள்.

"என்னாண்டயே வருசத்துக்கு நாலு வார்த்த பேசற மனுசன். உங்களாண்ட எங்க பேசப் போறாரு?"

பொருளாதாரம் படிக்கும் பையன் தொடங்கினான். "ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குக் கூலி போயிடும். அதனாலதானுங்களா ஐயா?"

"ஆங்."

சாலை, போக்குவரத்து படிக்கும் பையன் கேட்டான். "நேரத்துக்கு பஸ் இல்லாததாலயா?"

"ஆங்."

"எல்லாத்துக்கும் ஆங்னா எதடா எழுதறது?" என்றான் முதல் பையன்.

டாக்டருக்குப் படிக்கும் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, உங்களுக்கு ஏதாச்சும் வலி இருக்குதா?"

"இல்லம்மா."

"மலைப்படி ஏறுவீங்களா?"

"ஆங். ஏறுவேன்."

"நைனா." வெளியே இருந்து மகளின் குரல். "போன ஆடிக் கிருத்திகைக்கு காவடிய எடுத்துகினு பஸ்லதான மேல போன? படியில கூட்டம்னு சொன்ன."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே காவடியோடு படியில்தான் ஏறுவேன். முட்டியைப் பற்றிப் பொய் சொல்ல முடிந்தது. அந்த மலையைப் பற்றி இன்னொரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

மகள் உள்ளே வந்து நின்றாள். "எழுந்து நில்லு நைனா."

சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். பையன்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

"நீ ஆஸ்பத்திரிக்கு வரலன்னா நானும் காலேஜுக்குப் போவ மாட்டேன்."

"நாளைக்கு லோடு இருக்குதும்மா."

"இருக்கட்டும்."

மறுநாள் போனேன். மகளும் கூட வந்தாள்.

பிள்ளைகள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கூலியும் உண்மை, பஸ்ஸும் உண்மை. வேலை முடிந்தபின் எங்கேயும் போக உடம்பில் தெம்பு இருக்காது, அதுவும் உண்மை. ஆனால் எனக்குப் பெரிதாக இருந்தது பயம்தான். போனால், இனிமேல் சுமை தூக்காதே என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாதவரை தூக்கலாம் அல்லவா?

டாக்டர் அதையேதான் சொன்னார். இப்போது லாரி நிற்கும் இடத்தில் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த கரும்புச் சோகையைக் கூட்டுகிறேன். கூலி பாதிதான் வருகிறது. சாயங்காலம் அதே அசதி இருக்கிறது. மகள் காலேஜுக்குப் போகிறாள்.

பங்குனி மாதக் கிருத்திகை நாள்.